தஞ்சாவூர் மாத்திரையிலிருந்து வடநெம்மேலி பானை வரை

சென்னையிலிருந்து வீட்டுக்கு வர்ற நண்பர்கள் வரப்புல கால் வைக்கிறதுக்கு முன்னாடி கேட்கிற முதல் கேள்வி, “இங்க பாம்பு இருக்குமா?” இருக்கும். நெல் இருக்கிற இடத்துல எலி இருக்கும், எலி இருக்கிற இடத்துல பாம்பு வரும். அடுத்த கேள்வி, “கடிச்சா என்ன பண்ணுவீங்க?” கடிபட்ட கையை, காலை ஆட்டாம, கட்டாம, கீறாம, கிடைச்ச வண்டியில ஏத்தி விஷமுறிவு ஊசி இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். வேற ஒண்ணும் இல்ல.

அந்த ஊசி மருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வருகிறது. தண்ணீர் கலந்து, சலைனோடு சேர்த்து நரம்பு வழியா ஏத்துவாங்க. மருந்து கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், அதற்குத் தேவையான பாம்பு விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக எங்க செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களிலிருந்தும் புதர்களிலிருந்தும்தான் போயிருக்கிறது. எங்க நெல் வயல் பாம்பின் விஷம் வெளியூர் போய், குதிரை உடம்பில் ஏறி, மருந்தாகத் திரும்பி எங்க அரசு ஆஸ்பத்திரிக்கே வருகிறது. இந்தச் சுற்றுப் பாதை உருவாக இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாம்புகள். நம்ம ஊரில் ஆளைக் கொல்லும் கடிகளில் பெரும்பாலானவை நாலு பாம்புகளுடையவை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். பெயரைப் பார்த்தால் மூணு விரியன், ஒரு நாகம் மாதிரி இருக்கும். ஆனா கட்டுவிரியன் விரியன் இனமே இல்லை, நல்ல பாம்புக்குப் பங்காளி. விஷம் வேலை செய்கிற விதத்திலும் அப்படித்தான்.

நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்புக்கும் தசைக்கும் நடுவே கை வைப்பவை. கையைத் தூக்கு என்று மூளை சொன்னால், நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் துளித்துளியாக வெளிவந்து தசையில் இருக்கும் பூட்டில் சாவி போல விழும், தசை சுருங்கும். நல்ல பாம்பின் விஷம் அந்தப் பூட்டின் துவாரத்தை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியனின் விஷம் இன்னும் உள்ளே போய் நரம்பின் நுனியையே சிதைத்துவிடுகிறது. இரண்டிலும் முதலில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு இழுக்கிற தசை நிற்கும். வித்தியாசம் எங்கே என்றால், அடைபட்ட பூட்டைத் திறக்க மருந்து உதவும். சிதைந்த நரம்பு நுனி திரும்ப வளர்ந்தால்தான் உண்டு. அதற்கு நாள் கணக்கு, சில நேரம் வாரக் கணக்கு ஆகும். அதுவரைக்கும் மூச்சை இயந்திரம்தான் விடவேண்டும்.

விரியன்கள் ரத்தத்தில் வேலை செய்பவை. ரத்தம் உறைவது என்பது ஒரு மடை திறந்து அடுத்த மடைக்குத் தண்ணீர் போகிற மாதிரி வரிசையான வேலை. கண்ணாடி விரியனின் விஷம் நடு மடைகளை நேராகத் திறந்துவிடுகிறது. ஏரி முழுக்க ஒரே ராத்திரியில் ஓடிவிட்டால் நாளைக்குப் பயிருக்கு ஏது தண்ணீர்? அந்த மாதிரி, உறைவதற்கான சரக்கெல்லாம் உடம்புக்குள் வீணாகச் செலவாகி, பிறகு ஈறிலும் சிறுநீரிலும் கசியும் ரத்தம் உறையவே உறையாது. சிறுநீரகமும் கெடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய சோதனை இது. எனக்கு மருத்துவத்தில் ரொம்பப் பிடித்த விஷயங்களில் ஒன்று.

இதெல்லாம் தெரியாத காலத்தில் என்ன செய்தார்கள்? 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் ராஜதானியில் பேர் வாங்கியிருந்த மருந்து ‘தஞ்சாவூர் மாத்திரை’. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், நேர்வாளப் பருப்பு, வெள்ளை நாவி வேர், மிளகு எல்லாம் சேர்த்து அரைத்து உருட்டியது. பாஷாணம் என்றால் ஆர்செனிக். நேர்வாளம் பேதிக்குப் பேர் போனது. நாவியும் விஷம்தான். விஷத்தை விஷத்தால் எடுப்பது என்ற நம்பிக்கை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களும் இதை ஆவலாக வாங்கினார்கள்; அவர்களுடைய சிப்பாய்களையும் பாம்பு கடித்துக்கொண்டுதானே இருந்தது.

பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர் அப்போது கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக விசாகப்பட்டினத்தில் இருந்தார். ஊர் ஊராக ஆள் வைத்துப் பாம்புகளை வரவழைத்து, படம் வரையச் செய்து, ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையும் எழுதிவைத்தார். 1796-ல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகம்தான் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய முதல் பெரிய புத்தகம். ‘பங்காரு’ என்ற தெலுங்குச் சொல்லுக்குத் தங்கம் என்று பொருள். மஞ்சள் பட்டை போட்ட ஒரு கட்டுவிரியனுக்கு அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பெயர் அது. அவர் எழுதிவைத்ததால், இன்று உலகம் முழுக்கக் கட்டுவிரியன் இனத்துக்கு ‘பங்காரஸ்’ என்றுதான் அறிவியல் பெயர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் ரஸ்ஸல் பெயரே வந்துவிட்டது.

அவர் செய்த இன்னொரு வேலைதான் நம் கதைக்கு முக்கியம். தஞ்சாவூர் மாத்திரையை நம்பவும் இல்லை, சிரித்துத் தள்ளவும் இல்லை. நாய்களையும் கோழிகளையும் பாம்பைக் கடிக்க வைத்துச் சோதித்துப் பார்த்தார். மாத்திரையை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாது என்றுதான் தெரிந்தது.

பிறகு ஏன் அத்தனை பேர் அதனால் பிழைத்தோம் என்று சொன்னார்கள்? காரணம் எளிது. நாட்டில் பெரும்பாலான பாம்புகளுக்கு ஆளைக் கொல்லும் விஷமே கிடையாது. விஷப் பாம்பும் எல்லாத் தடவையும் விஷத்தை இறக்குவதில்லை. வெறும் கடியாகவும் கடிக்கும். அப்படிக் கடிபட்டவன் மாத்திரை தின்றாலும் பிழைப்பான், மந்திரித்தாலும் பிழைப்பான், மோர் குடித்துவிட்டுத் தூங்கினாலும் பிழைப்பான். பேர் மட்டும் மாத்திரைக்கும் மந்திரத்துக்கும் போகும். எங்க பக்கத்தில் வேப்பிலை அடிக்கிற பெரியவர்களை நான் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். பிழைத்தவன் திரும்பி வந்து தேங்காய் பழம் வைத்துக் கும்பிடுகிறான். செத்தவன் வந்து புகார் சொல்வதில்லை. அவர் கண்ணுக்குத் தெரிகிற கணக்கு அதுதான்.

வெள்ளைக்கார வைத்தியமும் இதில் யோக்கியம் இல்லை. ஜோசப் ஃபேரர் கல்கத்தாவில் பல வருஷம் சோதனை செய்து 1872-ல் இந்திய விஷப் பாம்புகளைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். அன்று இருந்த எந்த மருந்தையும் உண்மையான முறிவு மருந்து என்று அவரால் காட்ட முடியவில்லை. அரசாங்கம் இன்னொரு வழியைப் பிடித்தது: செத்த பாம்பைக் கொண்டுவந்தால் இனாம். அதில் பாம்பும் தீரவில்லை, சாவும் தீரவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சின்ன மரக் குழல் வந்தது. ஒரு முனையில் கத்தி, மறுமுனையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள். கடிவாயைக் கீறித் தூளைத் தேய்க்க வேண்டும். நம்ம கிணற்றில் போடுகிற அதே சிவப்பு மருந்துதான். சோதனைக் குழாயில் விஷத்தோடு கலந்தால் விஷம் செத்துவிடும், உண்மை. ஆனா தசைக்குள் போன விஷத்தை அது போய்ப் பிடிக்காது, புண்தான் மிஞ்சும். கீறுகிற பழக்கம் மட்டும் இன்னமும் எங்க ஊர்ப் பக்கம் சாகவில்லை. உறையாத ரத்தத்தோடு இருக்கிறவனைப் பிளேடால் கீறினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திருப்பம் வந்தது நம்ம நாட்டில் இல்லை, வியட்நாமில். 1891-ல் சைகோனில் பாஸ்டர் ஆய்வகத்தைத் தொடங்க ஆல்பெர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு டாக்டர் போயிருந்தார். மழை வெள்ளத்தில் நாகங்கள் ஒரு ஊருக்குள் புகுந்து நாற்பது பேரைக் கடித்து நாலு பேர் செத்தார்கள். பிடிபட்ட நாகங்களை அவரிடம் அனுப்பிவைத்தார்கள். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி விலங்குகளுக்கு ஏற்றினால், அவற்றின் ரத்தத்தில் அந்த விஷத்தைக் கட்டிப்போடும் பொருள் ஊறுகிறது, அந்தச் சீரத்தை எடுத்து இன்னொரு உயிருக்குக் கொடுத்தால் காப்பாற்றலாம் என்று பிரான்ஸ் திரும்பிய பிறகு 1894-ல் அறிவித்தார். அதே வருஷம் பாரிஸில் ஃபிசாலி, பெர்ட்ராண்ட் என்ற இருவரும் தனியாக இதையே கண்டிருந்தார்கள். பிறகு குதிரைகள் வந்தன. பெரிய உடம்பு, நிறைய ரத்தம், சாதுவான பிராணி. இன்றைக்கும் குதிரைதான்.

கால்மெட் ஒரு இடத்தில் சறுக்கினார். நாகத்துக்கு எதிரான தன் சீரம் எல்லாப் பாம்புக்கும் பொருந்தும் என்று நினைத்தார். ஆஸ்திரேலியாவில் சார்லஸ் மார்ட்டினும், இந்தியாவில் ஜார்ஜ் லாம்ப் என்ற ராணுவ டாக்டரும் அது தப்பு என்று காட்டினார்கள். நாகத்தின் சீரம் கண்ணாடி விரியனின் விஷத்தைத் தொடவில்லை. அந்தந்தப் பாம்பின் விஷத்தைக் கொடுத்துத்தான் அந்தந்த மருந்தை எடுக்கவேண்டும். பிறகு கசௌலியிலும், பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்திலும் மருந்து தயாரானது. நாலு பாம்பின் விஷத்துக்கும் சேர்த்து ஒரே மருந்து என்ற ஏற்பாடு இந்தியாவில் நிலைத்தது. கடித்தது எது என்று தெரியாமல் வருகிறவர்கள்தானே அதிகம்.

ஆக மருந்து வேண்டுமானால் விஷம் வேண்டும், விஷம் வேண்டுமானால் உயிரோடு பாம்பு வேண்டும், பாம்பு வேண்டுமானால் அதைப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். கதை எங்க ஊருக்குத் திரும்புவது இங்கேதான்.

இருளர்களை எங்க பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். கதிர் முற்றும் நேரத்தில் எலி பிடிக்க அவர்களைத்தான் கூப்பிடுவோம். கடப்பாரையோடு வருவார்கள். வரப்பில் நாலு வளை இருந்தால் எதில் எலி இருக்கிறது, எதில் பாம்பு இருக்கிறது என்று மண்ணைப் பார்த்தே சொல்வார்கள். எச்சம், உதிர்ந்த சட்டை, வளை வாயில் மண் வழுவழுப்பாக இருக்கிற விதம் எல்லாம் அவர்களுக்கு எழுத்து மாதிரி. எனக்கு அந்த எழுத்து இத்தனை வருஷத்தில் பாதிகூடப் படிபடவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் பாம்புத் தோல் வியாபாரம் அவர்களுக்கு முக்கியமான பிழைப்பு. ஐரோப்பாவில் செருப்பும் கைப்பையும் ஆக நம்ம ஊர்ப் பாம்புகள் உரிக்கப்பட்டுக் கப்பலேறின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி நின்றது. பாம்புகளுக்கு நல்லதுதான். ஆனா ஒரு சமூகத்துக்குத் தெரிந்த தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. அவர்களில் பலர் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமையாகச் சிக்கிய கதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதில்லை.

அந்த நேரத்தில்தான் பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து விற்கலாம் என்ற யோசனை வந்தது. சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் இருளர்களோடு பல வருஷம் காட்டில் அலைந்தவர். அவர் துணையோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. விஷம் எடுக்கும் வேலை 1982-ல்தான் தொடங்கியது. அனுமதி வாங்குவதற்கே அவ்வளவு நாள். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு நீங்க குழந்தைகளோடு போயிருப்பீங்க. அந்த வளாகத்திலேயேதான் இந்தச் சங்கம். முதலையைப் பார்த்துவிட்டு அப்படியே காருக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அங்கே மணல் போட்ட மண்பானைகளில் பாம்புகள் இருக்கும், வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள். ஒரு கண்ணாடிக் கோப்பையின் வாயில் மெல்லிய தோல் இழுத்துக் கட்டி, பாம்பின் தலையைப் பிடித்து அதைக் கடிக்க விடுவார்கள். மஞ்சளாகவோ நிறமில்லாமலோ சில சொட்டு விழும். வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நாலு தடவை. எடுத்த விஷத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். சுருட்டை விரியன் ஒரு தடவைக்குக் கொடுப்பது சில மில்லிகிராம்தான். ஒரு கிராம் சேர நூற்றுக்கணக்கான கடி வேண்டும். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை வருஷாவருஷம் அனுமதி கொடுத்துத்தான் முடிவு செய்கிறது. அனுமதி தாமதமானால் அந்த வருஷம் முந்நூறுக்கு மேற்பட்ட உறுப்பினர் வீடுகளில் அடுப்பு சுணங்கும். 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க 2017-ல் அழைத்துப் போனதும் அவர்களைத்தான்.

அந்த விஷம் மருந்தாகித் திரும்பும்போது கணக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு மில்லிலிட்டர் மருந்து கண்ணாடி விரியனின் விஷத்தில் 0.6 மில்லிகிராமைக் கட்டும். ஒரு குப்பிக்கு 10 மில்லிலிட்டர். ஒரு கடியில் அந்தப் பாம்பு இறக்கும் விஷம் சராசரியாக 60 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே. அதனால்தான் விஷம் ஏறியவருக்கு முதல் தடவையே எட்டிலிருந்து பத்து குப்பி. குழந்தைக்கும் அதே அளவு. குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லையே. எங்க ஊரில் ஒரு தாத்தா, “பச்சப் புள்ளைக்கு இவ்ளோ மருந்தா?” என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனார். சண்டை போட்டது தப்பில்லை, யாரும் அவருக்கு அதுவரை சொல்லித் தரவில்லை. குதிரைச் சீரம் என்பதால் சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு திணறும், ரத்த அழுத்தம் விழும். அதற்கு அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருக்கவேண்டும். வீட்டில் வாங்கி வைத்துப் போட்டுக்கொள்ள முடியாத மருந்து இது.

குப்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆள் அங்கே போய்ச் சேருவதுதான் பாக்கி. அந்தப் பாக்கியில்தான் உயிர் போகிறது.

2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் இருக்கும் எண் இதில் ஒரு சின்னப் பங்குதான், ஏனென்றால் பெரும்பாலானோர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவே இல்லை. கிராமத்தில், வீட்டில், வழியில் முடிந்துவிட்டது. சுமார் 70 சதவீதம் சாவுகள் எட்டு மாநிலங்களில். தமிழ்நாடு அந்த எட்டில் இல்லை. எங்களுக்கு ரோடு இருக்கிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து காசில்லாமல் கிடைக்கிறது. இதை நகரத்து நண்பர்கள் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போகிற எனக்கு அது சாதாரணம் இல்லை.

அப்படியும் கட்டுவிரியன் ஏமாற்றும். ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் சின்னது, வீக்கம் இல்லை, பல நேரம் வலியும் இல்லை. எங்க தெருவில் ஒரு அக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு வயித்து வலி என்று எழுந்தார். வாயுவாக இருக்கும் என்று ஓமத்தண்ணி கொடுத்தார்கள். விடியற்காலையில் கண் இமை ஏறவில்லை, தூக்கக் கலக்கம் என்றார்கள். பேச்சு குழறியதும்தான் மாமியாருக்குப் பொறி தட்டியது. பாயை உதறினால் அடியில் சுருண்டு கிடந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியும் அஞ்சு நாள் மூச்சுக் கருவியில் இருந்தார். மருந்து ரத்தத்தில் மிதக்கிற விஷத்தைப் பிடிக்கும். நரம்புக்குள் இறங்கியதைப் பிடிக்காது. அக்கா பிழைத்தார். இப்போ அந்தத் தெருவில் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகாமல் யாரும் படுப்பதில்லை. ராத்திரி தரையில் படுத்தவருக்குக் காரணம் தெரியாத வயிற்று வலியும் இமைத் தொங்கலும் என்றால் அது பாம்பாக இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக் கடிக்கு ஒரு தேசியச் செயல்திட்டம் கொண்டுவந்தது. அதே வருஷம் நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக் கடி அறிவிக்கப்பட வேண்டிய நோயானது. எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் அரசுக்குத் தகவல் போகவேண்டும். எந்த ஒன்றியத்தில் எத்தனை கடி என்று தெரிந்தால்தானே எங்கே எத்தனை குப்பி வைப்பது என்று தெரியும். ரஸ்ஸல் எழுதிவைக்கத் தொடங்கியதை நாம் இப்போதுதான் முறையாகத் தொடர்கிறோம்.

எங்க வட்டாரத்துப் பெருமையில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரே மாதிரிப் பாம்பாக இருந்தாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். தின்கிற இரை, மண், தட்பவெப்பம் எல்லாம் வேறு. லாம்ப் அன்று பாம்புக்குப் பாம்பு மருந்து வேறு என்று காட்டினார். இன்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் கார்த்திக் சுனகரும் அவருடைய மாணவர்களும் ஊருக்கு ஊரும் வேறு என்று காட்டுகிறார்கள். ராஜஸ்தான் பக்கத்துக் கட்டுவிரியனுக்கும் வடகிழக்கின் ஒற்றைக்கண் நாகத்துக்கும் செங்கல்பட்டு விஷத்தில் செய்த மருந்து சரியாகக் கட்டவில்லை. எனக்குப் போதுமான குப்பி அங்கே இருக்கிற விவசாயிக்குப் போதாமல் போகலாம். அந்தந்த வட்டாரத்தில் பாம்பு பிடித்து விஷம் எடுக்கவேண்டும் என்கிறார்கள். அதற்கு அங்கேயும் இந்த மண்ணெழுத்தைப் படிக்கிற ஆட்கள் வேண்டும். அவர்களுக்கு ஒழுங்கான கூலி வேண்டும்.

வடநெம்மேலியில் நாலு தடவை விஷம் எடுத்து முடித்ததும் பாம்பை விற்பதில்லை, கொல்வதில்லை. வயிற்றுப் பக்கம் ஒரு செதிலை லேசாகக் கத்தரித்து அடையாளம் வைத்து, காட்டுப் பகுதியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அந்த அடையாளத்தோடு மறுபடி கையில் சிக்கினால் அங்கேயே விட்டுவிடவேண்டும். சில தடவை சட்டை உரித்த பிறகு செதில் வளர்ந்து அடையாளம் மறைந்துவிடும். அதற்கப்புறம் பிடிக்கலாம்.